பதினேழு நிமிடம்

வேலை முடிந்து வந்தபோது
வாசலில் நான்கு ஜோடி வெள்ளைக் காலணிகள்.
உள்ளே ஒருவருமில்லை.
மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது
யாருக்கென்று தெரியாமல்.

பொங்கோலில் பதினோராம் மாடி.
புதிய வீவக வீடுகள் எல்லாவற்றையும் போல
எங்களுக்கும் ஒரு பாம் ஷெல்ட்டர்:
இரும்புக் கதவு, தடித்த சுவர்,
போருக்காக இதுவரை யாரும் நுழையாத அறை.
அரிசி மூட்டை, மூன்று பயணப்பெட்டி,
தீபாவளி விளக்குச் சரம்,
மடக்கி வைத்த ஒரு மெத்தை.

கதவுக்குப் பின்னால்
யாரோ தும்மினார்கள்.

இழுத்துத் திறந்தேன்.
என் மகள் சஹானா, நஸீஹா, ஜெரோம், ரிஷ்வந்த்.
முழங்காலை மோவாயில் முட்டுக்கொடுத்து
இருட்டில் நான்கு பேர்;
நடுவே கைபேசியில் ஓடும் விநாடிகள்.
"பதினேழு நிமிஷம் ஆன்ட்டி. இவனாலதான் போச்சு."
நூலகப் புத்தகத்தில் வரும் ரிவ்கா
மாவு மில்லின் தரைப்பலகைக்கு அடியில்
இருபத்தாறு மாதம்
தும்மாமல் இருந்தாளாம்.

மைலோ குடித்தபடி சண்டை போட்டார்கள்.
ரிஷ்வந்த் கடைசிப் பக்கத்தை முதலில் படித்துவிட்டானாம்.
"உயிரோட இருக்காளான்னு பாக்கணும்ல?
பாத்துட்டேன். அப்பவும்
நடுப்பக்கத்தைத் திருப்ப முடியல."
ஜெரோமின் கோபம் சிப்பாய்கள்மேல் இல்லை.
வண்டி தெருமுனை திரும்புவதற்குள்
ரிவ்கா வீட்டுத் தையல் மெஷினைத்
தூக்கிக்கொண்டு போன பக்கத்து வீட்டுக்காரிமேல்.
"முந்தின நாள்வரைக்கும் ரொட்டி குடுத்தவங்க, ஆன்ட்டி."
நஸீஹா பேசவில்லை.
கணக்குத்தாள் ஓரத்தில் ஒரு முக்கோணம்,
அதன்மேல் தலைகீழாய் இன்னொன்று.
"இது எங்க முருகன் கோயில்ல இருக்கே"
என்றாள் சஹானா.
அதே ஆறு முனைதான்.
மேலங்கியில் தைத்துக்கொள் என்று
அடுத்தவன் ஆணையிட்டால்
அதன் எடை வேறு.

வஹ்யுனி கீழே கடைக்குப் போய்
பீன்ஸோடு திரும்பினாள்.
அவளைப் பார்த்ததும் சஹானா நிறுத்திவிட்டாள்.
பிறகு மெதுவாக,
"அம்மா, அக்கா தினமும் அங்கதானே தூங்குறாங்க?"
"அது வேற, இது வேற" என்றாள் நஸீஹா.
"இவங்க கதவைத் திறக்கலாம்."
"திறக்கலாம்தான்..." என்று இழுத்தான் ஜெரோம்.
அந்த வாக்கியத்தை யாரும் முடிக்கவில்லை.
நானும்.

ஆறு வருடத்தில் எங்களிடம் கற்ற தமிழில்
வஹ்யுனி கேட்டாள்:
"அந்தப் பொண்ணு பொழச்சுதா?"
கடைசிப் பக்கம் தெரிந்தவன்
மைலோவுக்குள் பார்த்துக்கொண்டிருந்தான்.

கிளம்பும்போது ஜெரோம்
காலணி நாடாவைக் கட்டிக்கொண்டே,
"யாராவது வந்து தட்டினா
ஒளிச்சு வெப்பீங்களா ஆன்ட்டி?"
"நிச்சயமா" என்றேன்,
முடிச்சு விழுவதற்குள்.
அவ்வளவு வேகம்
எனக்கே பிடிக்கவில்லை.

இரவு கணக்குப் போட்டேன்.
கூடுதலாக ஒரு தட்டு.
மூங்கில் கழியில் கூடுதலாக ஒரு சட்டை காய்ந்தால்
எதிர் பிளாக்கில் யார் கவனிப்பார்கள்?
தண்ணீர்க் கட்டணம் ஏறுமே.
இருமல் வந்தால்? காய்ச்சல் வந்தால்?
என் கணக்கு இருபத்தாறு மாதம் போகவில்லை.
வியாழக்கிழமையிலேயே நின்றுவிட்டது.

காலையில் அந்த மெத்தையின்மேல்
நூலகப் புத்தகம் கிடந்தது.
நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்
சஹானாவின் பேருந்து அட்டை.
அதுவரை வாசித்துக் காட்டியிருக்கிறாள் போலும்.

பயணப்பெட்டிகளை வெளியே எடுத்து
என் அறைக்கு நகர்த்தினேன்.
இரண்டை மட்டும்.